பலம் வந்த பிறகுதான் ஊழியமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லாமல் சக்கர நாற்காலியில் இருக்கிறீர்கள். பார்த்துவந்த வேலையும் போய்விட்டது. சபையில் பார்க்கிறவர்கள் எல்லாரும், ‘பிறருக்கு ஊழியம் செய்யுங்கள், கர்த்தர் பலம் தருவார், வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் கிடைக்கும்’ என்கிறார்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவே இன்னொருவர் கை தேவைப்படும் ஒருவன் யாருக்கு என்ன செய்துவிட முடியும், இது ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களிடம் சொல்லப்படுவது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொல்லப்படுகிறது. பிறருக்காக உழைத்ததில் பலம் பெற்றவர்கள் உண்டு. அவர்களுடைய வரலாற்றைச் சற்று நிதானமாகப் படித்தால், அவர்களால் செய்யக்கூடிய வேலை எது என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்கு வேண்டிய வசதியைச் செய்துகொடுத்து, ‘நீங்கள் வந்து இதைச் செய்யுங்கள்’ என்று விடாமல் கேட்ட சில மனிதர்கள் பக்கத்தில் இருந்தது தெரியவரும். சாட்சி சொல்லும்போது அந்த மனிதர்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், உங்களைப் போலவே அடிபட்ட ஒருவருடைய வாழ்க்கையை வைத்தே இதை விளக்க முயல்கிறேன். அவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925ஆம் ஆண்டு கொச்சியில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர் அவர். பெண்களுக்கான மருத்துவத்தில் சிறந்து விளங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். படிப்பை முடித்து மருத்துவமனையில் பணியாற்றத் தொடங்கியிருந்த நிலையில், 1954ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, சக மருத்துவர்களோடு சுற்றுலா சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம், முதுகுத்தண்டில் அடி. முகக் காயம் ஆறித் தழும்பானது. கால்கள் திரும்பவே இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

அந்தக் காலத்தில் இப்படி அடிபட்டவர்களின் கதி என்ன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடங்களில் தோல் செத்துப் படுக்கைப்புண் வரும். சிறுநீர் சரியாக வெளியேறாமல் தொற்று ஏற்பட்டுச் சிறுநீரகத்தைத் தாக்கும். இவ்விரண்டையும் தடுக்க முடியும் என்பதை இங்கிலாந்தில் 1944 முதல் மருத்துவர் லுட்விக் குட்மன் நடத்திய பிரிவு காட்டத் தொடங்கி அப்போது பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. இந்தியாவில் இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் ஏறக்குறைய இல்லை. ஆகவே தமக்கு நேர்ந்தது என்ன, இனி என்ன நேரும் என்பதை ஒரு மருத்துவராகவே தெரிந்துகொண்டு அந்த இளம்பெண் படுத்திருந்தார். அறுவை சிகிச்சைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. எழுந்து நடப்பேன் என்ற எதிர்பார்ப்பைக் கைவிடுவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை.

கால்களைக் கேட்டேன், சிறகுகள் கிடைத்தன என்ற கருத்தில் பின்னாளில் அவர் சொன்னது பல பிரசங்கங்களில் மேற்கோளாக வருகிறது. சொன்னவருக்கு அதைச் சொல்ல முழு உரிமை உண்டு. ஆனால் கால்களைக் கேட்ட நாளுக்கும் சிறகுகளைப் பற்றிப் பேசிய நாளுக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிட்டு மேற்கோளை மட்டும் படுக்கையிலிருப்பவரிடம் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்குப் பயன்படக்கூடியது அந்த நடுப்பகுதிதான்.

அந்த நடுப்பகுதியில் வருகிறவர் எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் தென்னிந்தியாவில் பிறந்து, கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்து, லண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூருக்கு வந்தவர். மேரிக்கு ஆசிரியராகவும், விபத்துக்குப் பின் சிகிச்சை அளித்தவராகவும் இருந்தார். அவர் மேரியிடம் சொன்ன யோசனை எளியது. கை அறுவை சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், கால்கள் தேவையில்லை, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் சிகிச்சைக்கு மருத்துவமனையில் கூட்டம் காத்திருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

இந்த யோசனையின் அருமை புரிய வேண்டுமானால் அந்தச் சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1947இல் செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் பிராண்ட் போயிருந்தார். அதை நடத்திவந்தவர் தோல் மருத்துவர் ராபர்ட் காக்ரேன். விரல்கள் கொக்கி போல மடங்கி விறைத்திருந்த ஒரு நோயாளியிடம், என் கையைப் பிடித்து அழுத்துங்கள் என்று பிராண்ட் சொன்னார். பலவீனமான ஒரு பிடியைத்தான் அவர் எதிர்பார்த்தார். நோயாளியின் பிடியோ வலி தாங்காமல் கத்த வைக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. செயலற்றது என்று எல்லாரும் ஒதுக்கிய கையில் நல்ல தசைகள் மிச்சமிருக்கின்றன என்பது அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கியது. முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நாரை, எடுத்து, செயலிழந்த தசையின் வேலையை அது செய்யும்படி விரலுக்குத் திருப்பிப் பொருத்தும் முறையைத் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் கொண்டுவந்தார். அறுவைக்குப் பின் மூன்று வாரம் போல மாவுக்கட்டு. அதன்பின் பழைய தசைக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுக்கும் நீண்ட பயிற்சி.

இன்னொன்றையும் அவர் கண்டார். துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பாமல் அவர் திணறிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுவன் வந்து ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பிராண்ட் அவன் கையை விரித்துப் பார்த்தார். சாவி விரலை எலும்பு தெரியுமளவு அறுத்திருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை. விரல்கள் குறைந்துபோவதற்கு நோய்க்கிருமி நேரடிக் காரணமில்லை. வலி தெரியாததால் படும் காயங்களும், காயம்பட்ட கையை ஓயவிடாமல் மீண்டும் பயன்படுத்துவதுமே பெரும்பாலும் காரணம் என்று அவர் நிறுவினார். இரவில் எலிகள் கடிப்பதும்கூடத் தெரியாமல் நோயாளிகள் உறங்கினார்கள்; அதற்காக அவர்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. சாபம் என்றும் பாவத்தின் சம்பளம் என்றும் பேசப்பட்ட ஒன்றைப் பூனை வளர்த்துத் தடுக்க முடிந்தது என்பதை நம்முடைய பிரசங்கிகள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

மேரி வர்கீஸ் இந்தச் சிகிச்சையைக் கற்றார். சக்கர நாற்காலியை மேசையருகே நெருக்கிப் போட்டு, நோயாளியின் கையைத் தமக்கு முன்னால் கிடத்தி, நாணைப் பிரித்து, தோலுக்கடியில் வழி செய்து இழுத்து, சரியான இறுக்கத்தில் தைக்க வேண்டும். இறுக்கம் கூடினால் விரல் மடங்காது, குறைந்தால் நிமிராது. நுட்பமான, நேரம் பிடிக்கும் வேலை. அவருக்குத் தரப்பட்டது இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை இல்லை என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். நன்றாகச் செய்யாவிட்டால் ஒருவருடைய கை கெட்டுப்போகும் என்ற பொறுப்பு அதில் இருந்தது. ஊனமுற்ற ஒருவரைச் ‘சும்மா இருக்க வேண்டாமே’ என்று ஏதோ ஒன்றில் உட்கார வைப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. நம் சபைகளில் பெரும்பாலும் நடப்பது முதல் வகை. நோட்டீஸ் மடிக்கக் கொடுப்பார்கள். மடித்த நோட்டீசை யாரும் வாங்கிப் போகவும் மாட்டார்கள். வேலை கொடுக்கப்பட்டவருக்கு அது தெரியாமல் இருக்காது.

நோயாளிகளின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். தொழுநோயாளிகளைப் பொது மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. பேருந்தில் ஏற முடியாது. சொந்த வீட்டில் தனித் தட்டு. தொழுநோயாளர்களைப் பிரித்துவைக்க வழிசெய்த தொழுநோயாளர் சட்டம் 1898இல் இயற்றப்பட்டு, 2016இல்தான் நீக்கப்பட்டது என்றால் அந்த ஒதுக்கலின் ஆழம் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு முன்னால், முகத்தில் தழும்போடு, சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர் வந்து, மடங்கிய விரல்களைத் தம் கையில் எடுத்துப் பார்த்தார். தம்மைவிட மேலான இடத்தில் நிற்கும் ஒருவரின் தயவு என்று அதை அவர்கள் எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லை. இவருக்கும் உணர்வில்லாத கால்கள் உண்டு. சூட்டிலிருந்தும் உரசலிலிருந்தும் அவற்றைக் கண்ணால் பார்த்தே காப்பாற்ற வேண்டியவர் இவர். தொழுநோயாளிக்குக் கையில் இருந்த அதே சிக்கல்தான்.

அவருடைய துன்பம் இந்த வேலைக்காகவே அனுப்பப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி கவிழ்வதைத் தேவன் திட்டமிட்டார் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதை நீங்கள் நம்பியாக வேண்டும் என்ற கட்டாயம் கிறிஸ்தவ விசுவாசத்தில் இல்லை. நடந்துவிட்ட ஒன்றை வீணாக்காமல் பயன்படுத்த முடிந்தது என்பது வேறு செய்தி. உடலில் தைத்த முள் என்று தாம் சொன்ன வேதனையை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்ட அப்போஸ்தலன் பவுலுக்கு, ‘என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்’ என்று பதில் வந்தது. முள் நல்லது என்று அங்கே சொல்லப்படவில்லை என்பதையும், பதில் கிடைத்த பின்பும் அவர் நடந்தார், எழுதினார், கூடாரம் தைத்துச் சம்பாதித்தார் என்பதையும் கவனியுங்கள். பலவீனம் போன பிறகு அவர் வேலையைத் தொடங்கவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. பிராண்டின் முதல் அறுவைகள் நன்றாக முடிந்து, விரல்கள் நிமிர்ந்து வீடு திரும்பியவர்களில் சிலர் சோர்ந்துபோய்த் திரும்பி வந்தார்கள். பிச்சை எடுப்பதற்கு இந்தக் கைகள் உதவவில்லை என்பதே அவர்கள் குறை. மடங்கிய விரல்களைப் பார்த்துக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த விரல்களுக்குப் போடவில்லை. தழும்பு தெரிந்ததால் வேலையும் யாரும் கொடுக்கவில்லை. மருத்துவம் செய்து முடித்துவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு இது பெரிய அடி. இதன் விளைவாக 1951இல் வேலூரில் ‘நவஜீவ நிலையம்’ தொடங்கப்பட்டது. அறுவைக்குப் பின் நோயாளிகள் அங்கே தங்கி, தச்சு வேலை முதலியவற்றைக் கற்றார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். உணர்வில்லாத கையால் கருவியைப் பிடிக்கும்போது எங்கே காயம்படுகிறது என்று நாள்தோறும் சோதித்துக்கொள்ளப் பழகினார்கள். கையைச் சரிசெய்வதோடு நின்றால் போதாது, அந்தக் கைக்கு ஒரு வேலையும் வேண்டும் என்பதை நோயாளிகள்தான் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நீங்கள் உங்களுக்காகக் கேட்கும் கேள்வியையே அவர்கள் தங்களுக்காகக் கேட்டார்கள்.

எப்போதும் கொடுக்கிறவர் ஒருவர், எப்போதும் வாங்கிக்கொள்கிறவர் இன்னொருவர் என்று பிரித்து வைக்கும் ஊழியம் இருவரையும் கெடுக்கும் என்பது என் எண்ணம். வாங்கிக்கொண்டே இருப்பவர் கூனிப்போகிறார். கொடுத்துக்கொண்டே இருப்பவர் தம்மைப் பற்றித் தவறாக எண்ணத் தொடங்குகிறார். உங்களுடைய இப்போதைய சோர்வில் ஒரு பெரும்பகுதி, விபத்துக்குப் பின் நீங்கள் வாங்கும் பக்கத்திலேயே நிறுத்தப்பட்டுவிட்டீர்கள் என்பதால் வந்தது என்று உங்கள் எழுத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

மேரி வர்கீஸ் கை அறுவையோடு நிற்கவில்லை. முதலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தம்மைப் போன்றவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். பிறரை எதிர்பார்க்காமல் அன்றாட வாழ்க்கையை நடத்துவதற்கும் ஒரு கல்வி உண்டு, அது கற்றுக்கொடுக்கக்கூடியது என்பதை அங்கே அவர் நோயாளியாக இருந்து அறிந்தார். பிறகு நியூயார்க் சென்று, உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்காக மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தெடுத்த ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் அந்தத் துறையை முறையாகப் படித்தார். வேலூர் திரும்பி, 1963இல் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் செயல்படத் தொடங்கியது. இந்தியாவில் அவ்வகையில் அது முன்னோடி. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் மறைந்தார். விபத்துக்குப் பின் அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகளுக்கு மேல். விபத்துக்கு முன் வாழ்ந்ததைவிட அது அதிகம்.

விருதுகளைவிட அந்த நிலையம் செய்த வேலை உங்களுக்கு நெருக்கமானது. மறுவாழ்வு மருத்துவத்தில் பெரும் அற்புதங்கள் குறைவு. சின்னச் சின்ன ஒழுங்குகள் அதிகம். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது. நாற்காலியில் இருப்பவர் இரு கைகளையும் ஊன்றி இடுப்பைச் சில விநாடிகள் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பது. காலையும் மாலையும் கண்ணாடி வைத்துப் பின்புறத் தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாள்வது. வாசற்படி எவ்வளவு உயரம், கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையுமா என்று வீட்டை அளப்பது. பிறகு, என்ன தொழில் செய்து பிழைப்பது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது. இவற்றைப் பயிற்சியாளர் சொல்லும்போது புதிதாக அடிபட்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே வார்டில், ஏழெட்டு ஆண்டுகளாக நாற்காலியில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, ‘தம்பி, நான் முதல் வருஷம் இதைச் செய்யலை, இங்க பாரு’ என்று பழைய புண்ணின் தழும்பைக் காட்டினால், மறுநாள் காலையிலிருந்து பையன் கையை ஊன்றத் தொடங்கிவிடுவான். எந்தப் பட்டமும் இல்லாத அந்த மனிதரிடம் இருந்தது எங்களில் யாரிடமும் இல்லை.

அது உங்களிடமும் இருக்கிறது. யாருக்கு என்ன செய்ய முடியும் என்ற உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில் இதுதான். விபத்துக்குப் பின் நீங்கள் கற்றவற்றை, போன வாரம் அடிபட்டு ஏதோ ஒரு மருத்துவமனையில் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் கற்றிருக்க மாட்டார். அவருடைய மனைவிக்கோ தாய்க்கோ படுக்கைப்புண்ணைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்தச் சான்றுகளோடு எங்கே போக வேண்டும், உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நீங்கள் அலைந்து தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். அவர்கள் இனிமேல் அலைய வேண்டும். ஒரு கைபேசி இருந்தால் இதில் பாதியை வீட்டிலிருந்தே செய்யலாம்.

வயதாகிவிட்டது என்பதற்காக ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பிராண்ட் குடும்பத்திலிருந்து இன்னொரு வாழ்க்கையைச் சொல்வது வழக்கம். உங்கள் கேள்வி வயதைப் பற்றியதல்ல என்றாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் பிராண்டின் தாயார் ஈவ்லின், 1929இல் கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்த பிறகும் இந்தியாவில் பணியைத் தொடர்ந்தவர். 70 வயதை நெருங்கியபோது மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் ஓய்வை ஏற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பாமல் தம் சொந்தப் பொறுப்பில் மலைக்குப் போனார். கொல்லிமலை, கல்வராயன்மலை என்று மலைமலையாக மட்டக்குதிரையிலும், விழுந்து எலும்பு முறிந்து கால்கள் தளர்ந்த பிறகு மூங்கில் கோல்களை ஊன்றியும் அலைந்தார். குடிநீர் வழியே உடம்புக்குள் போகும் புழுவால் வரும் நரம்புச் சிலந்தி நோய் பரவாமலிருக்கத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். மகனே மருத்துவராக இருந்து கீழே வந்துவிடும்படி கெஞ்சியும் வரவில்லை. 1974இல், 95 வயதில் இறந்து, மலையில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பிடிவாதத்தை எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு கவலையைக் கொடுத்திருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி எச்சரிக்கையாகச் சில வார்த்தைகள். தூக்கமில்லாமை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோய். அதற்கு மருத்துவரும் மருந்தும் உண்டு. ஊழியம் செய்தால் சரியாகிவிடும் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. வேதத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன தீர்க்கதரிசி எலியாவிடம், உனக்கு இன்னும் ஊழியம் இருக்கிறது என்று யாரும் உடனே பேசவில்லை. அவன் தூங்கினான். தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டான்; மறுபடியும் சாப்பிடச் சொன்னான். அடுத்த வேலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பின், நெடுந்தூரம் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது. உங்கள் உடம்பும் மனமும் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதை நேர்மையாகப் பாருங்கள். இன்னும் தூங்கவும் சாப்பிடவும் வேண்டிய கட்டமென்றால் அதை வெட்கப்படாமல் செய்யுங்கள்.

இரண்டாவது, உங்களைக் காட்சிப்பொருளாக்க விடாதீர்கள். நாற்காலியில் இருப்பவரை மேடையேற்றி, ‘இவரே துதிக்கிறார், உங்களுக்கென்ன குறை’ என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நடக்க முடிகிறவர்கள் தங்கள் கால்களுக்காக நன்றி சொல்ல உங்கள் கால்கள் கருவியாக வேண்டியதில்லை. சாட்சி சொல்ல உங்களுக்கே விருப்பமிருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். அதை ஊழியம் என்று எண்ணி வருத்திக்கொள்ள வேண்டாம்.

நோக்கம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே பிறருக்கு உதவப் போவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உதவி பெறுகிறவர் நன்றி காட்டவில்லை என்றால், அல்லது சொன்னதைக் கேட்காமல் புண்ணை வரவழைத்துக்கொண்டால், நமக்குக் கோபம் வரும். அவர் நம் மனநிறைவுக்காகப் பிறந்தவர்போல நடந்துகொள்வோம். மேரி வர்கீஸின் கவனம் நாணின் இறுக்கத்தின் மேலும் நோயாளியின் விரல் மேலும் இருந்தது. தமக்கு மனநிறைவு வருகிறதா என்று அவர் ஒவ்வொரு நாளும் அளந்துகொண்டிருந்தால் ஓர் அறுவையையும் ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார். வேலூரில் அந்தக் கல்லூரியை 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அதற்கு எடுத்துக்கொண்ட வாசகம், மனுஷகுமாரன் ‘ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்’ வந்தார் என்ற வசனத்திலிருந்து வந்தது. அங்கே பேச்சு முழுவதும் வந்த வேலையைப் பற்றியது. வந்தவர் என்ன பெற்றுக்கொண்டார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

செய்முறையாக என்ன செய்வது என்று கேட்டால், மூன்று குணங்கள் உள்ள ஒரு வேலையைத் தேடுங்கள் என்பேன். அதற்கு நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்; நீங்கள் செய்யாமல் விட்டால் யாரோ ஒருவருக்கு அது குறையாகத் தெரிய வேண்டும்; உங்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அதில் பயன்பட வேண்டும். ‘முடிந்தபோது ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்பதில் இவை எதுவும் இல்லை. செவ்வாய், வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் மூன்றும் இருக்கின்றன. பக்கத்து ஊர் மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் உங்கள் எண்ணைக் கொடுத்து, புதிதாக அடிபட்டவர்களின் குடும்பத்தார் பேச விரும்பினால் சனிக்கிழமை காலையில் அழைக்கலாம் என்று சொல்லிவைப்பதிலும் இருக்கின்றன. அங்கே மருத்துவ ஆலோசனை சொல்லாதீர்கள். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அதுவே போதுமானது, அதற்குத்தான் ஆளில்லை.

முதல் வேலையாக ஒன்றை நானே பரிந்துரைக்கிறேன். ஆராதனைக்கு உங்களை நால்வர் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நால்வரின் அன்பில் குறையில்லை. ஆனால் ஆலயத்துக்குச் சரிவுப் பாதை இல்லை என்பது அன்பால் மறைக்கக்கூடிய குறையும் இல்லை. வாசற்படிகளின் மொத்த உயரத்தை ஒருவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சக்கர நாற்காலிச் சரிவுக்கான கணக்கு. படிகள் இரண்டடி உயரமென்றால் 24 அடி நீளம் வேண்டும், நேராக இடமில்லாவிட்டால் நடுவில் ஒரு மேடை வைத்துத் திருப்பிக் கட்டலாம். அகலம் நான்கடியாவது இருக்கட்டும். ஓரத்தில் கைப்பிடி வேண்டும். தரை மழையில் வழுக்காத சொரசொரப்போடு இருக்க வேண்டும், பளபளப்பான டைல்ஸ் வேண்டாம். ஒரு கொத்தனாரிடம் செலவுக் கணக்கு வாங்கி, படம் வரைந்து, அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் போதகரிடம் உங்கள் கையெழுத்தோடு கொடுங்கள். முழங்கால் வலியால் வாசலோடு நின்றுவிடும் பாட்டிமார்களின் பெயர்களையும் விசாரித்து அதோடு ஒரு பட்டியலாக இணையுங்கள். கமிட்டியில் யாராவது, ஒரே ஓர் ஆளுக்காக இவ்வளவு செலவா என்று கேட்பார்.